முதலில் கைவிட வேண்டியவை

ஆபீசில் அவனை லைன்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமை அலுவலகத்துக்கும் மலைமேல் இருந்த தொழிற்சாலைக்கும் நடுவே ஓடிய ஃபிரேம் ரிலே இணைப்பு அவன் பொறுப்பு. கணக்கு விவரங்களும் ஆபீஸ் போன் பேச்சும் அந்த ஒரே லைனில்தான் போகும். தொலைபேசிக் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்த பாதை அது. இவ்வளவு வேகம் நிச்சயம் என்று வாக்குக் கொடுப்பார்கள். அதற்கு மேல் அனுப்பினால் இடமிருக்கும்வரை போகும். நெரிசல் வந்தால் வழியிலேயே தூக்கி எறிந்துவிடுவார்கள். எதை முதலில் எறியலாம் என்று அடையாளம் போட்டு அனுப்புவது லைன்காரன் வேலை.

கணக்கு விவரங்கள் போய்ச் சேரத் தாமதமானதும் மேனேஜர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"மாசக் கடைசியில கணக்கு நிக்கவே கூடாது. போன்ல என்ன பேசறாங்க, ஊர்வம்புதானே? அதைத் தூக்கிப் போடு!"

அதே லைனில் மச்சானோடு மணிக்கணக்காக அரட்டை அடிக்கிற மகராசன் சொன்ன பேச்சு இது. லைன்காரன் குரலுக்கு இருந்த முன்னுரிமையை எடுத்துவிட்டு, எறியலாம் என்ற அடையாளத்தை அதன் தலையில் கட்டினான். அந்த லைனில் தன்னோடு யார் பேசப்போகிறார்கள் என்ற நினைப்பு.

மலைமேல் அக்கா இருந்தாள், தொழிற்சாலை மருத்துவ அறையில் நர்ஸ். அப்பாவும் அவளோடுதான். ஆனால் அப்பா இவனோடு பேசி வருஷக்கணக்காகிவிட்டது. அம்மா இறந்த அன்று இவன் ஏதோ ஒரு லைனை மாற்றிக்கொண்டிருந்தான். பாதியில் விட மனமில்லாமல் முடித்துவிட்டுப் போனபோது அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட மனிதர், எத்தனை தடவை போய் நின்றும் வாயைத் திறக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில், காலை வேலை சூடுபிடித்த நேரத்தில், மேஜை போன் அடித்தது. அக்கா.

"அப்பாவுக்கு மூச்சு வாங்குதுடா. இங்க மருத்துவ அறைக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள உங்கிட்ட பேசணுமாம், என்னை வெளிய போகச் சொல்றாரு. இந்தா, குடுக்கறேன்."

"அப்பா!" என்றான்.

"அன்னிக்கு நீ..." குரல் அறுந்தது. "...அம்மா..." மறுபடி ஒன்றுமில்லை. "...நானும் உன்னை..."

என்ன நடக்கிறது என்று அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. கணக்கு போய்க்கொண்டிருந்தது. அப்பாவை வழியில் எறிந்துகொண்டிருந்தார்கள், அவன் போட்ட அடையாளத்தைப் பார்த்து.

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு பழைய அமைப்பைத் திரும்பப் போட்டான். அவசரத்தில் தப்பாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தான். சட்டென்று அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது.

"...அவ்வளவுதான்டா. ரொம்ப நாளா நெஞ்சுல கெடந்துச்சு. சொல்லிட்டேன். புரிஞ்சுதில்ல?"

திரும்பச் சொல்லுங்கப்பா என்பது நாக்கு நுனிவரை வந்தது. மறுமுனையில் மூச்சு இரைத்தது. இன்னொரு முறை அவரை எப்படிப் பேசச் சொல்வது?

"புரிஞ்சுதுப்பா."

"சரி. வேலையப் பாரு."

யாரிடமும் சொல்லாமல் பஸ் பிடித்து ஓடினான். போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை.

வந்தவர்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு அக்கா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னடா சொன்னாரு? என்னைப் பத்தி ஏதாவது..."

வழியில் எறிந்ததை யாரும் எடுத்து வைப்பதில்லை. அது அவனைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"சொன்னாருக்கா. நீ இல்லன்னா அம்மா போனதுமே தானும் போயிருப்பேன்னு சொன்னாரு."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கொஞ்சம் தெளிந்ததும் அவன் கையைப் பிடித்தாள்.

"உன்னை? உன்னை மன்னிச்சிட்டாரா?"

உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கிடைத்ததும் போய்விடும்.

"ஆமாக்கா" என்றான். அதற்குமேல் தாங்காமல் அவள் தோளில் சாய்ந்து, சின்னப் பிள்ளையாட்டம் தேம்பித் தேம்பி அழுதான்.

அக்கா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அதான் மன்னிச்சிட்டாரில்ல, அப்புறம் ஏன்டா இப்படி அழற?"