செங்கல் சாலையோடு நின்ற தண்ணீர்

சபேரா காத்தூனின் அறிக்கையைப் படிப்பவர்கள் இரண்டே பேர் என்று அலுவலகத்தில் ஒரு கேலி உண்டு: எழுதியவள் ஒருத்தி, பக்கங்களைச் சுருள்கம்பியில் கோர்த்துத் தருகிற அச்சுக்கடைக்காரர் இன்னொருவர். கேலி செய்பவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்துவைப்பாள். சிரித்து முடித்ததும் வாயில் ஒரு கசப்பு தங்கும்.

குல்னா நகரில் இருந்த ‘உபகூல் பந்து’ என்ற தொண்டு நிறுவனத்தில் அவள் மதிப்பீட்டு அதிகாரி. தெற்கே, குளத்திலும் கிணற்றிலும் உப்பு ஏறிப்போன கிராமங்களில் மழைநீர்த் தொட்டி வைத்துக்கொடுப்பது நிறுவனத்தின் வேலை. வைத்த தொட்டியால் யாருக்கு என்ன விடிந்தது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது அவள் வேலை. சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, கேட்டு, எழுதி, தடிமனாக ஒரு புத்தகம் போட்டுக் கொடுப்பாள். அது அலமாரியில் போய் உட்கார்ந்துவிடும்.

அடுத்த கட்டத்துக்குப் பணம் தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய டாக்காவிலிருந்து நன்கொடையாளர்கள் வரவிருந்தார்கள். அதற்கு முன்னால் இயக்குநர் மோஸ்தாக் அகமது அவளைக் கூப்பிட்டார். எல்லோருக்கும் போல அவருக்கும் அவள் ‘ஆபா’, அதாவது அக்கா.

“ஆபா, சோனாடாங்கால ரெண்டு நாள் பயிற்சி நடக்குது. தகவலைப் படமா போட்டுக் காட்டுறது எப்படின்னு சொல்லித் தராங்களாம். போயிட்டு வாங்க. கலர் கலரா நாலு படம் போட்டா நம்ம அறிக்கைக்கும் ஒரு களை வரும்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. வெள்ளம் வந்தால் முதலில் படகில் ஏறுபவர். ஆனால் பணம் தருகிறவர்கள் வருகிறார்கள் என்றால் ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது.

பயிற்சிக்கூடத்தில் ஊரிலுள்ள தொண்டு நிறுவனங்களின் மதிப்பீட்டாளர்கள் எல்லோரும் மடிக்கணினியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பயிற்சி கொடுக்க டாக்காவிலிருந்து வந்திருந்தவள் ரைசா தபஸ்ஸும். சபேராவைவிடப் பத்து வயதாவது இளையவள். குட்டையாக வெட்டிய முடி, சுருக்கென்ற பேச்சு. அவரவர் போட்ட மோசமான படம் ஒன்றை முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருந்தாள். சபேராவோ தன்னுடையதில் ஆகச் சிறந்ததை அனுப்பியிருந்தாள். மோசமானதை அனுப்ப மானம் இடம் கொடுக்கவில்லை.

திரையில் முதலாவதாக வந்து நின்றது அதுதான். வட்டத்தை ஒன்பது துண்டாக வெட்டி, ஒன்பது வண்ணம் பூசி, கீழே நிழல் விட்டு, பார்க்கிறவர் பக்கமாகச் சாய்த்திருந்தாள்.

“இதைப் பார்த்தா என்ன தெரியுது? மனசுல பட்டதைச் சொல்லுங்க,” என்றாள் ரைசா.

“பிறந்தநாள் கேக்கை எலி இழுத்துட்டுப் போற மாதிரி தெரியுது,” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூடம் கொல்லென்று சிரித்தது.

சபேராவுக்குக் காது மடல் வரை சுட்டது. ஆனால் ஒளிந்துகொள்வது அவள் சுபாவம் இல்லை. எழுந்து நின்றாள். “நான் போட்டதுதான். கேக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா மெழுகுவத்தியும் குத்தி வச்சிருப்பேன்.”

இப்போது சிரிப்பு அவள் பக்கம் சாய்ந்தது. ரைசா மட்டும் சிரிக்கவில்லை.

“ஆபா, இதுல நீங்க என்ன சொல்ல வந்தீங்க?”

“ஒன்பது வார்டுக்கும் எத்தனை எத்தனை தொட்டி போச்சுன்னு.”

“அது படத்துல இருக்கு. நீங்க என்ன சொல்ல வந்தீங்க?”

சபேரா திரையை இன்னொரு முறை பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் சிரித்ததைக்கூட மறந்துவிடலாம். இத்தனை நடை நடந்தவளுக்கு இந்தச் சின்னக் கேள்விக்கு ஒரு பதில் இல்லாமல் போனதே, அதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இரண்டு நாளில் இதற்குப் பதில் சொல்லாமல் இந்த இடத்தை விட்டுப் போவதில்லை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

ரைசா ஒவ்வொன்றாகக் கழற்றிப்போடச் சொல்லிக்கொடுத்தாள். நிழலை எடு. சாய்வை எடு. எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கு. எதைப் பார்க்க வேண்டுமோ அதற்கு மட்டும் வண்ணம் வை. தலைப்புக்கு வந்தபோது அவள் குரலில் சூடு ஏறியது.

“‘வார்டு வாரியாகத் தொட்டி வினியோகம்’. இது தலைப்பே இல்ல. டப்பா மேல ஒட்டுற சீட்டு. டப்பாவைத் திறந்து உள்ள என்ன கண்டீங்களோ அதை ஒரு முழு வாக்கியமா எழுதுங்க. எழுதக் கை நடுங்குச்சுன்னா நல்ல தலைப்புன்னு அர்த்தம்.”

மதியச் சாப்பாட்டுக்குச் சுய்ஜால் போட்ட ஆட்டுக்கறி வந்திருந்தது. அந்த வேரின் காரத்துக்கு எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இரண்டாம் முறை வாங்கிக்கொண்டிருந்தார்கள். சபேரா அள்ளிப் போட்டுக்கொண்டு தன் மேசைக்குத் திரும்பிவிட்டாள். ஒரு பெரிய தாளை விரித்து, தான் நன்றாக அறிந்த ஓர் ஊராட்சி யூனியனை எடுத்துக்கொண்டாள். செங்கல் சாலைக்கு ஒரு கோடு, கால்வாய்க்கு ஒரு கோடு இழுத்தாள். பிறகு கணக்கெடுப்பைப் பார்த்துப் பார்த்து வீட்டுக்கு ஒரு புள்ளி வைத்தாள். தொட்டி உள்ள வீடு நீலம், இல்லாத வீடு சாம்பல்.

சாயங்காலத்துக்குள் படம் தானாகப் பேச ஆரம்பித்துவிட்டது. நீலப் புள்ளிகள் செங்கல் சாலையின் இரு பக்கமும் பாசிமணி கோர்த்தாற்போல ஓடின. கால்வாய்க்கு அந்தப் பக்கம், இறால் பண்ணைகளுக்கு நடுவே, ஒரு நீலம்கூட இல்லை.

இது அவளுக்குத் தெரியாத சங்கதி அல்ல. அங்கெல்லாம் போய் உட்கார்ந்து பேசியவள்தானே! அறிக்கையில் எழுதியும் இருந்தாள்: ‘அணுகல் சார்ந்த சில வேறுபாடுகள் காணப்படுகின்றன.’ இப்போது அந்த வரியை நினைத்தால் அவளுக்கே பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பில் குடத்தோடு, முழங்கால் சேற்றில், கைக்குழந்தையையும் இழுத்துக்கொண்டு நடக்கிற பெண்களுக்கு வைத்த பெயரா ‘சில வேறுபாடுகள்’?

எழுதுகோலை எடுத்து மேலே பெரிதாக எழுதினாள்: ‘தொட்டிகள் செங்கல் சாலையோடு நின்றுவிட்டன. கால்வாய்க்கு அப்பால் ஒன்றும் போகவில்லை.’

கை நடுங்கத்தான் செய்தது.

எல்லோருடைய படத்தையும் ரைசா வாட்ஸாப் குழுவில் போட்டாள். அதில் நிறுவனங்களின் இயக்குநர்களும் இருந்தார்கள். மறுநாள் காலை தேநீர் வேளையில், சமோசா போன்ற சிங்காராவைக் கடிக்கும்போதே சபேராவின் தொலைபேசி அடித்தது.

“ஆபா! களையா நாலு படம் போட்டுட்டு வாங்கன்னு அனுப்பினா, நம்ம கழுத்துக்கே கத்தி தீட்டிட்டு வரீங்களே!” மோஸ்தாக்குக்கு மூச்சு வாங்கியது. “மொதல்ல அந்தத் தலைப்பை மாத்துங்க. ‘தொட்டிகளின் பரவல்’னு போடுங்க, போதும்.”

“அது டப்பா மேல ஒட்டுற சீட்டு, மோஸ்தாக் பாய்.”

“என்ன டப்பா? எந்த டப்பா? இவ்வளவு பேர் பிழைப்பு இதுல தொங்குதுன்னு தெரியுமா, தெரியாதா?”

“தெரியும். என் பிழைப்பும் அதுலதான் தொங்குது. ஒரு புள்ளி தப்புன்னு காட்டுங்க, இங்கேயே கிழிச்சுப் போட்டுடறேன். சரியா இருந்தா தலைப்பும் இருக்கும்.”

மோஸ்தாக் தொலைபேசியை வைத்துவிட்டார்.

சபேரா மிச்சச் சிங்காராவைத் தட்டிலேயே வைத்தாள். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வயதில் வேறு வேலை தேடுவதென்றால் லேசா? பக்கத்தில் வந்து நின்ற ரைசா, “திட்டினாரா?” என்றாள்.

“திட்டாம மாலையா போடுவார்?”

“இந்தப் படம் யாருக்கு ஆபா?”

“பணம் குடுக்குறவங்களுக்கு.”

“அவங்க பார்ப்பாங்க, ச்சொச்சொம்பாங்க, விமானம் ஏறிப் போயிடுவாங்க. இதைப் பார்த்துட்டு, வெள்ளி சனி லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமை ஆபீஸ் வந்ததும் வேற மாதிரி வேலை செய்யப்போற ஆள் ஒருத்தர் வேணும். யார் அவர்?”

சபேரா தேநீரைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தாள். தொட்டி எந்த வீட்டில் இறங்க வேண்டும் என்று முன்னால் நின்று முடிவு செய்கிற ஆள் யார்? களப் பொறியாளர் பிமல் கைன், அலுவலகத்தில் எல்லோருக்கும் ‘பிமல் தா’, பிமல் அண்ணன். “எங்க பிமல் தா,” என்றாள். “ஆனா இதைப் பார்த்தா அவர்தான் மொதல்ல என்னை அடிக்க வருவார்.”

“அப்ப அவர்கிட்டதான் மொதல்ல காட்டணும்.”

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் போய், கூட்ட அறைச் சுவரில் படத்தை ஒட்டினாள். பிமல் கைன் தலைக்கவசத்தைக் கழற்றியபடி உள்ளே வந்தார், படித்தார், முகம் கறுத்தது.

“என்ன ஆபா இது? சாலையோரத்துக்காரன்கிட்ட நான் கை நீட்டிக் காசு வாங்கிட்டேன்னு சொல்லுதா உங்க படம்?”

“அப்படிச் சொல்லல பிமல் தா. நின்னுபோச்சுன்னு மட்டும்தான் சொல்லுது. ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்.”

“ஏன் நின்னுச்சா? நீங்க வந்து ஒரு தொட்டியைத் தள்ளிப் பாருங்க, தெரியும்!” பிமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். “லாரிக்காரன் செங்கல் சாலையில இறக்கிட்டு ஓடிடுவான். அங்கேருந்து மிதிவண்டி வேன். ஒரு தொட்டி ஒரு குடிசை உசரம். மூங்கில் பாலத்துல அதை எப்படி ஏத்துறது? மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு மேலேருந்து நச்சரிப்பு. எங்க இறக்க முடியுமோ அங்க இறக்கினேன். எனக்கு மட்டும் ஆசையா?”

“கால்வாய் வழியா ட்ராலர் படகுல போகாதா?”

“போகும். கடல் ஏத்தத் தண்ணியில தாராளமா போகும். ட்ராலர் வாடகைன்னு ஒரு வரி திட்டத்துலயே இல்லையே ஆபா! கேட்டா யார் காதுல வாங்கினா?”

சொன்னவர் சும்மா இருக்கவில்லை. பேனாவை வாங்கிக்கொண்டு எழுந்தார். கால்வாய்க் கோட்டில் ஒரு வட்டம் போட்டு, “இங்க கரை கெட்டி, இறக்கலாம்,” என்றார். இன்னொரு வட்டம். “இங்க வேண்டாம், பண்ணைக்காரன் சண்டைக்கு வருவான்.” வட்டத்தை அடித்துவிட்டுத் தள்ளிப் போட்டார். கோபமாக வந்த மனிதர் தேநீர் ஆறுவது தெரியாமல் வரைந்துகொண்டிருந்தார்.

அப்போது மோஸ்தாக் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். “இதை மொதல்ல இறக்குங்க.”

“இப்ப வேண்டாம் பாய்,” என்றார் பிமல் திரும்பாமலே. “நான் எழுதினது இன்னும் காயல.”

மோஸ்தாக் நாற்காலியில் உட்கார்ந்து பிமல் போட்ட வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“இதைக் காட்டினா, இத்தனை வருஷமா என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும் பாய்,” என்றாள் சபேரா. “எந்த இடத்துல படகு இறக்கப்போறோம்னு பக்கத்துலயே எழுதியிருக்கு. நாம வெறுங்கையோட போகல.”

“தலைப்பைக் கொஞ்சம் பதமா...”

“ஒரு எழுத்தை மாத்தமாட்டேன்.”

“பிடிவாதக்காரி!” என்றார். குரலில் பாதி கோபம்தான் மிச்சம் இருந்தது. “சரி. படத்துக்கு முன்னாடி நீங்கதான் நிக்கணும். திட்டு விழுந்தா நீங்கதான் வாங்கணும். நான் பின்வரிசையில உக்காந்துக்குவேன்.”

“உக்காருங்க. நான் நிக்கறேன்.”

நின்றாள். நன்கொடையாளர்களில் தலைமையாக வந்த அம்மாள் தலைப்பை உரக்கவே படித்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, “இது யார் செஞ்ச தப்பு?” என்று கேட்டாள். பின்வரிசையில் மோஸ்தாக் இருமினார். சபேரா தடுமாறவில்லை. லாரி எதுவரை வரும், மூங்கில் பாலம் எதைத் தாங்கும், ஏற்றத் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கும் என்று விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். “தப்பு திட்டம் போட்டதுல மேடம். போட்டதுல நாங்களும் உண்டு, கையெழுத்துப் போட்ட நீங்களும் உண்டு,” என்று முடித்தாள். அந்த அம்மாள் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பிமலைக் கூப்பிட்டு, படகுத்துறை வட்டங்களைப் பற்றி மேலும் மேலும் கேட்டாள்.

கேட்ட அளவு தொட்டி கிடைக்கவில்லை. ட்ராலர் செலவைச் சேர்த்ததால் எண்ணிக்கை குறைந்தது. மோஸ்தாக் அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பினார். ஆனால் கிடைத்தவை எல்லாம் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியாயிற்று.

ஆஷாட மாத மழைக்கு முன்னால் முதல் ட்ராலர் புறப்பட்டது. பிமல் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் சபேராவும் ஏறிக்கொண்டாள். கறுப்புத் தொட்டிகள் யானைக்கன்றுகள் போல் ஆடியாடி வந்தன. கரையிலிருந்து ஆணும் பெண்ணுமாக இறங்கி, கயிறு கட்டி, ஒருவரை ஒருவர் வைதுகொண்டே இழுத்தார்கள். “மெதுவாடா, உன் மாமியார் வீட்டுச் சீரா அது, உருட்டி விளையாட!” என்று ஒருத்தி கத்த, இழுத்தவர்கள் சிரித்ததில் கயிறு நழுவித் தொட்டி மறுபடி தண்ணீரில் விழுந்தது. மறுபடி இழுத்தார்கள்.

கடைசித் தொட்டியையும் இறக்கிவிட்டு ட்ராலர் ஒரு வளைவில் திரும்பியபோது, கரையை அடுத்துப் பனையோலைக் கூரைகள் சில சபேராவின் கண்ணில் பட்டன. போன புயலில் வீடிழந்து வந்து குடியேறியவர்கள். அவள் கணக்கெடுப்பில் அந்த வீடுகளே இல்லை.

“பிமல் தா, படகை நிறுத்தச் சொல்லுங்க.”

“எதுக்கு? தொட்டிதான் தீர்ந்துபோச்சே ஆபா! தண்ணி இறக்கம் வேற ஆரம்பிச்சாச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல சேத்துல மாட்டிக்குவோம்.”

“மாட்டினா அடுத்த ஏத்தம் வரைக்கும் இருக்கலாம். பொரி இருக்கு, தின்னுக்கிட்டிருங்க.”

செருப்பைக் கழற்றிப் படகிலேயே போட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, முதல் கூரையை நோக்கி நடந்தாள். “வீட்ல யாரும்மா?” என்று அவள் குரல் கேட்டதும், உள்ளேயிருந்து ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.