இடது பக்கம்

எனக்கு இடது கிட்னின்னாலே ஆகாது. வலது இருக்கே, அது நல்ல பிள்ளை, கல்லீரலுக்குக் கீழே கூப்பிட்டதும் வந்து நிக்கும். இடது அப்படியில்ல. விலா எலும்புக்குள்ள ஒளிஞ்சுக்கும், இல்லன்னா குடல்ல இருக்கற காத்து வந்து மறைச்சுத் தொலைக்கும். ஸ்கேன் படிப்புல சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு, இன்னும் அதைத் தேடறதுக்குள்ள எனக்கு உயிர் போகும். “பேஷண்ட் பயந்து வேர்த்தா நியாயம். உனக்கு ஏன்டி வேர்க்குது?”ன்னு எங்க சீனியர் அக்கா கேலி பண்ணுவா.

அடுத்த வாரம் பிராக்டிகல் பரீட்சை. கை பழகட்டும்னு அம்மாவை மதிய இடைவேளையில வரச் சொன்னேன். அம்மா ஓடி வந்ததுக்குக் காரணம் வேற. தம்பிக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. இருபத்து மூணு வயசுப் பையன், வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ் மெஷின் பக்கத்துல படுத்துக் கிடக்கறான். அப்பா இல்ல. கிட்னி குடுக்கலாம்னா என் ரத்தம் அவனுக்குச் சேரலை. அம்மாவோடது சேர்ந்துச்சு. அன்னைக்கு அவ போட்ட ஆட்டத்தைப் பாக்கணுமே, லாட்டரி விழுந்த மாதிரி! மத்த டெஸ்டெல்லாம் இனிமேதான்.

ஜெல்லை வச்சதும் “அடிப்பாவி, ஐஸு!”ன்னு துள்ளினா. வலது பக்கம் பாத்தேன். அடடா, படம்னா அதுதான் படம். அளந்தேன், பதிமூணு சென்டிமீட்டர். பாடத்துல பத்து, பதினொண்ணுன்னு போட்டிருக்கும். என் வாய் சும்மா இருக்குமா?

“அம்மா, உன் கிட்னி சும்மா கும்முனு இருக்கு. எல்லாரோடதையும் விடப் பெருசு.”

படிக்கறவங்க வாயைத் திறக்கக் கூடாது, எதுவானாலும் டாக்டர்தான் சொல்லணும். முதல் நாளே சொல்லிக் குடுத்தது. பெத்தவகிட்ட என்ன சட்டம்னு விட்டுட்டேன்.

அம்மா படுத்த வாக்குலயே தம்பிக்குப் போனைப் போட்டுட்டா. “கண்ணா, உங்க அக்காவே பாத்துட்டாடா. என் கிட்னி ஊர்லயே பெருசாம்!”

“அப்ப எனக்குப் பெருசைக் குடு, சின்னதை நீ வச்சுக்கோ”ன்னு அவன் சிரிச்சது எனக்கே கேட்டுச்சு. அவன் சிரிச்சு மாசக்கணக்கு ஆச்சு.

அப்புறம் இடது பக்கம் வந்தேன். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கையைத் தலைக்கு மேல தூக்கச் சொல்லி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். மண்ணீரல் தெரிஞ்சுது. அதுக்குக் கீழே குடல்தான். இருபது நிமிஷம் ஆச்சு.

“காலையில என்னத்தைத் தின்னுட்டு வந்தே? ஒரே காத்தா இருக்கு!” அம்மா மேல எரிஞ்சு விழுந்தேன்.

“பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலையேடி. நீதானே வேணாம்னே?”

வேற வழியில்லாம சீனியர் அக்காவைக் கூப்பிட்டேன். “நகரு. இவளுக்கு யானையே நின்னாலும் தெரியாதும்மா”ன்னு சொல்லிக்கிட்டே உக்காந்தா. அம்மாவும் சிரிச்சா. கொஞ்ச நேரத்துல அக்கா பேச்சு நின்னுபோச்சு. அடிவயித்துல தேடினா. குப்புறப் படுக்க வச்சு முதுகுப் பக்கம் தேடினா. கடைசியில நான் அளந்து வச்ச படத்தைத் திறந்து பாத்தா. என் காதுகிட்ட வந்து, “பதிமூணு இருந்தா ஏன்னு யோசிக்க வேணாமா?”ன்னு கேட்டா.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. ஒண்ணே ரெண்டோட வேலையையும் இழுத்துப் போட்டுச் செஞ்சா பெருக்கத்தானே செய்யும்? சிலருக்குப் பிறவியிலேயே அப்படி இருக்கும்னு புத்தகத்துல ஒரு பாரா வரும். நான் அடிக்கோடெல்லாம் போட்டுப் படிச்ச பாரா. எட்டு மாசத்துல முதல் தடவையா என் கை மேல தப்பில்ல. தப்பா இருந்திருக்கக் கூடாதான்னு அழுகையா வந்துச்சு.

டாக்டர் வந்தார். அவரும் பொறுமையாத் தேடிப் பாத்துட்டு, அம்மாவை எழுப்பி உக்கார வச்சுச் சொன்னார். “உறுதி பண்ண இன்னொரு ஸ்கேன் எடுப்போம். ஆனா எனக்குத் தெரிஞ்சு உங்களுக்குப் பிறந்ததுலேர்ந்தே ஒரு கிட்னிதாம்மா. அது நல்லா இருக்கு, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. மகனுக்குத்தான் குடுக்க முடியாது.”

அம்மா அவர் பக்கம் நகர்ந்து உக்காந்தா.

“இருக்கறது நல்லா இருக்குல்ல டாக்டர்?”

“ரொம்ப நல்லா இருக்கு.”

“அப்ப அதை எடுத்துக்குங்க.”

“அப்புறம் நீங்க என்னம்மா பண்ணுவீங்க?”

“நான் அந்த மெஷின்ல படுத்துக்கறேன். வாரத்துல மூணு நாள்தானே? எனக்கென்ன, வீட்டுல வெட்டியாத்தானே கிடக்கேன்.”

“அப்படியெல்லாம் எந்த டாக்டரும் செய்ய மாட்டாங்கம்மா.”

அம்மா என் பக்கம் திரும்பினா. வயித்துல இருந்த ஜெல்லைக்கூடத் துடைக்கலை. என் வெள்ளைக் கோட்டைப் பிடிச்சு இழுத்தா.

“நீ சொல்லேன்டி. நீ இதுக்குத்தானே படிக்கறே? நீ சொன்னா கேப்பாங்கடி.”