ஏற்றத்தில் மாறாத கியர்

வீட்டில் எல்லாரும் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள். பல் மருத்துவர்களிடம் அச்சுகளை வாங்கிக்கொண்டுபோய், பல்செட் செய்யும் பட்டறையில் சேர்ப்பது வேலை. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவளுக்குப் பொருத்தம்தான். ஆனால் போன வாரம் மட்டும் பட்டறைக்கு ஏறும் மேட்டில் இரண்டு தடவை சைக்கிள் செயின் கழன்றது. பட்டறைக்காரர் கடிகாரத்தையும் அவளுடைய கரிபிடித்த கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை எட்டரை தாண்டுச்சுன்னா, மோட்டார் பைக் வெச்சிருக்கிற ஆளைப் போட்டுக்கறேன்மா."

ஆகவே ஞாயிற்றுக்கிழமை சமையலறை நடுவில் சைக்கிள் தலைகீழாக நின்றது. எதிரே, முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு அண்ணி. அண்ணி லிஃப்ட் மெக்கானிக். பாதிவழியில் சிக்கிக்கொண்டு கத்துகிறவர்களுக்கு வெளியே நின்று நிதானமாகப் பதில் சொல்லிப் பழகியவள்.

பின்சக்கரத்தின் ஏழு பல்சக்கரங்களும், செயினை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் கொக்கியும் கழன்று பழைய பேப்பரின் மேல் விழுந்தன. அந்த இடத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்த வேறொரு சக்கரம் ஏறியது. அதில் ஒரே ஒரு பல்சக்கரம். மூன்று கியரும் சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பின் வயிற்றுக்குள்.

"செயினை வெட்டிடவா?"

"அளக்காம வெட்டின, உன் ஜடையை ஒட்டுப் போட்டுத்தான் நாளைக்கு ஓட்டணும். பொறுடி."

பம்பரம் பொறுத்தாள், அதாவது நின்ற இடத்திலேயே ஸ்பேனரைப் பதினான்கு தடவை கை மாற்றினாள். அளந்து, வெட்டி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து நட்டை முடுக்கியபோது அண்ணன் எட்டிப் பார்த்து, "சோறு எங்க வைக்கறது?" என்றான். இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கையால் பெடலைச் சுற்றினால் ஒன்று, இரண்டு, மூன்று என்று அழகாக மாறியது. சாயங்காலம் மேட்டுக்குக் கொண்டுபோனால் மாறவே இல்லை. லீவரைத் திருப்பி, மூச்சைப் பிடித்து அழுத்தினாள். கர்ரென்று உள்ளே ஏதோ அரைத்தது. பெடல் நழுவி முழங்கால் கைப்பிடியில் இடித்தது.

நொண்டியபடி வீட்டுக்கு வந்தாள். "பழைய சாமானையே மாட்டிடுங்க அண்ணி. கழன்டாலும் ஓடுச்சு."

அண்ணி சைக்கிளை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். பின்னாலேயே ஓடிய பம்பரம் பார்க்க, மேட்டின் பாதியில் கியரை மாற்றி உச்சிவரை ஏறித் திரும்பி வந்தாள்.

"நீ எப்படி மாத்தின?"

"மிதிச்சிக்கிட்டேதான். நின்னா மாறாதே!"

"அது பழசுக்கு. இதுல மாத்தற நேரம் மிதிக்கறதைத் தளர்த்தணும்."

"ஏத்தத்துலயா? பின்னாடி உருண்டுடுமே!"

"கண்ணு சிமிட்டற நேரம்டி. அதுக்குள்ள எங்க உருளப்போற?"

திங்கட்கிழமை எட்டு இருபதுக்கு மேட்டடியில் இருந்தாள். பின்னால் பெட்டியில் யார் யாருடைய பற்களோ கிடுகிடுவென்று ஆடின. பாதி ஏறியதும் தொடை எரிந்தது. அழுத்து, அழுத்து என்றது கால். பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தளர்த்தினாள். சைக்கிள் நின்றுவிடும்போல் ஒரு கணம் தயங்கியது. லீவரைத் திருப்பினாள். டக். பெடல் பஞ்சுபோல் இறங்கியது.

எட்டு இருபத்தாறுக்குப் பெட்டியைப் பட்டறை மேஜைமேல் வைத்தாள். பட்டறைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், அவளுடைய கைகளைப் பார்த்தார். சுத்தமாக இருந்தன.

"சரி, ரசீது எழுதறேன். உக்காரும்மா."

உட்காரவா? வாசலுக்குப் போய்ச் சைக்கிளருகே நின்றாள். கை தானாக லீவரை முன்னும் பின்னும் திருப்பியது. டக், டக், டக்.

"என்னம்மா அங்க சத்தம்?"

"கியர் மாத்தறேங்க."

"நிக்கிற சைக்கிள்லயா?"

"இதுல மாறுங்க," என்றாள் பம்பரம், மறுபடி ஒன்றுக்குத் திருப்பிக்கொண்டே. "ரசீது ஆச்சா?"