எண்ணெய் வாடை

சவப்பெட்டிக்குள் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று இறுதிச்சடங்குக் கூடத்து ஊழியர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கயோகோ கணவனின் சீருடையிலிருந்து டால்ஃபின் சின்னத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஊசி துணியில் சிக்கி வர மறுத்தது.

“உலோகம் எரியாதும்மா, அதனாலதான்” என்றார் அவர், அது தன் தவறு போல.

“தெரியும். நீர்மூழ்கிக்காரங்களுக்கு இது உயிர். என்ன செய்யறது.”

சின்னம் கழன்றது. சீருடையை மகள் சிகுசா வாங்கி அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பள்ளி இறுதி வகுப்பு. செய்தி வந்ததிலிருந்து அவள் அழவில்லை.

“வாடையே இல்லம்மா. எண்ணெய் டப்பாகிட்ட ஒரு வாடையும் இல்ல.”

சிறுவயதில் அவள் அப்பாவுக்கு வைத்த பெயர் அது. முனேஹிரோ கடலிலிருந்து வந்தால் வாசலிலேயே உடை மாற்ற வேண்டும். டீசலும் பொரித்த எண்ணெயும் ஆண்களின் வியர்வையும் சேர்ந்து ஊறிய வாடை. அந்தத் துணிகளை மற்றவற்றோடு போட முடியாது. தனி வாளியில் வினிகர் விட்டு ஊறவைத்து மூன்று முறை அலச வேண்டும். முதல் தண்ணீரில் வானவில் மிதக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த வாடை நின்றுவிட்டது. “புதுப் படகு, லித்தியம் பாட்டரி” என்று அவர் விளக்கியிருந்தார். “பழசு மாதிரி அடிக்கடி மேல வந்து, குழாயை நீட்டிக் காத்து வாங்கி, இன்ஜினை ஓட்ட வேண்டாம். சத்தமில்லாம அடியிலயே கிடக்கலாம். ஆபீஸ்ல உக்காந்த மாதிரிதான்.” கயோகோ அதைப் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னாள். பழக்கத்தில் வாளியில்தான் ஊறவைப்பாள். முதல் தண்ணீரே தெளிவாக இருப்பதைப் பார்த்து அந்தப் பாட்டரிக்கு மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கிறாள்.

முந்தாநாள் மாலை அவர் ஹிரோ என்ற பகுதியின் கடைத்தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே விழுந்தார். இதயம். படகு எப்போது கிளம்பும், எப்போது திரும்பும் என்று வீட்டில் சொல்வதில்லை, வீட்டிலும் கேட்பதில்லை. துறையில் நிற்கும் படகுகளுக்கு எண்கூடக் கிடையாது, எல்லாம் ஒரே கறுப்பு முதுகு. அன்றுதான் கரை சேர்ந்திருப்பார் என்று கயோகோ நினைத்தாள். ஆனால் ஹிரோ, வீட்டுக்கு வரும் வழியில் இல்லை. மருத்துவமனையில் கொடுத்த பையைத் திறந்தபோது உள்ளே ஒரு கட்டித் தோஃபுவும் ஒரே ஒரு உருளைக்கிழங்கு கட்லெட்டும் இருந்தன.

“எனக்குத்தான் வாங்கியிருக்கார்” என்றாள் சிகுசா. “அந்தக் கடை கட்லெட்னா எனக்கு உசுருன்னு தெரியும். அதுக்குத்தான் சுத்திட்டு வந்திருக்கார்.”

அதைச் சொன்னபோது மட்டும் அவள் முகத்தில் கொஞ்சம் களை வந்தது.

மாலை அஞ்சலிக்குக் கடைசியாக வந்தவர் இசோபே. கடலடிச் சத்தங்களைக் காதால் கேட்டறியும் சோனார் அறையில் முனேஹிரோவுக்கு அடுத்த நாற்காலி. முன்பெல்லாம் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வந்து குடித்துப் பாடுவார். இரண்டு வருடமாக வரவில்லை. தூபப் பொடியைத் தூவி வணங்கிவிட்டு அவள் அருகே வந்து குனிந்தார். அந்தப் பழைய வாடை அவளை வந்து மோதியது.

“மன்னிக்கணும் அண்ணி. இன்னைக்குக் காலையிலதான் கரை ஏறினோம். குளிச்சுட்டுத்தான் வந்தேன். ஆனா இது போற நாத்தமா?”

“இன்னைக்குக் காலையிலயா?”

“ஆமா அண்ணி.”

“புதுப் படகுதானே? லித்தியம்?”

“புதுசுதான். அதுக்காக டீசல் இல்லாமப் போயிடுமா? பாட்டரியை நிரப்ப இன்ஜின்தானே ஓடணும். எழுபது பேர் ஒரே காத்தை இழுத்து விடுறோம். என் வீட்டுக்காரி இன்னும் வாசல்லயே நிறுத்தி உரிச்சுத்தான் உள்ள விடுறா.” சிரிக்கப் போனவர் பெட்டியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “அண்ணன் படகை விட்டு இறங்கினப்புறம் அந்த ரூம்ல காதில்லாம உக்காந்திருக்கோம்.”

“எப்ப இறங்கினார்?”

இசோபே நிமிர்ந்தார். “அண்ணிகிட்ட சொல்லிட்டேன்னாரே.”

“சொல்லுங்க.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்பே வலது காது போய்விட்டது. பரிசோதனையில் தெரிந்ததும் இறக்கிவிட்டார்கள். அதிலிருந்து கடற்படைத் தளத்துக் கிடங்கில் வேலை, சாயங்காலம் ஐந்து மணிக்கு விட்டுவிடும். ஹிரோவில் ஓர் அறை.

“‘பொண்ணு படிக்கிறா, கொஞ்ச நாள் தனியா இருக்கேன், கயோகோ சரின்னுட்டா’ன்னார் அண்ணி. ஃப்ரிட்ஜை நான்தான் மாடிக்குத் தூக்கினேன்.”

“அங்க வேற யாராவது…”

“ஐயோ, இல்ல அண்ணி. ஒரு போர்வை, ஒரு தட்டு. அவ்வளவுதான்.”

யாராவது இருந்திருந்தால் தேவலை என்று கயோகோவுக்குத் தோன்றியது.

போன வருடம் பனிக்காலத்தில் அவளுடைய அம்மாவுக்கும் இதே கூடத்தில்தான் சடங்கு நடந்தது. “மாப்பிள்ளை எங்க?” என்று கேட்ட ஒவ்வொருவரிடமும், “கடலுக்கடியில. சொல்ல முடியாது” என்று தலை நிமிர்ந்து சொன்னாள். தளத்துக்குக்கூடத் தெரிவிக்கவில்லை. அடியில் இருப்பவருக்கு வீட்டுச் சாவைச் சொல்வதில்லை. அது தெரிந்துதான் அவருக்குக் கழுத்தை நீட்டினாள். செர்ரி மொட்டு விட்ட பிறகு தோளில் பையோடு வந்தார். வாசலில் நின்று உடை மாற்றினார். அம்மாவின் படத்துக்கு முன் மண்டியிட்டு, “கயோகோ, உன்னைத் தனியா விட்டுட்டேனே” என்று அழுதார். அவள்தான் முதுகைத் தடவிக்கொடுத்து, “நீங்க என்ன பண்ணுவீங்க” என்றாள்.

ஹிரோவிலிருந்து வீட்டுக்கு பஸ்ஸில் அரைமணி நேரம்.

மறுநாள், பெட்டி மூடப்பட்டதும், வந்தவர்களுக்கு நன்றி சொல்ல கயோகோ எழுந்தாள். பக்கத்தில் சிகுசா அப்பாவின் படத்தை நெஞ்சோடு அணைத்து நின்றாள். கடைசி வரிசையில் இசோபே.

“என் கணவர் முனேஹிரோ” என்று தொடங்கி நின்றாள். யாரோ இருமினார்கள். சிகுசா திரும்பி அவள் வாயையே பார்த்தாள்.

“அன்னைக்கு… வீட்டுக்கு வந்துட்டிருந்தார். கடல்லேர்ந்து. மகளுக்குப் பிடிச்சதை வாங்கிக்கிட்டு.”

சிகுசாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. படத்தின் கண்ணாடி மேல் நெற்றியை வைத்துச் சத்தமாக அழுதாள். இசோபே தலை நிமிரவே இல்லை.

எலும்புகளைப் பொறுக்கிக் கலசத்தில் சேர்த்து வீட்டுக்கு வந்தபோது, வாசல் கதவோரம் ஒரு பை இருந்தது. இசோபே ஹிரோ அறையைக் காலி செய்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அப்பா கடலுக்கு எடுத்துப்போகும் பை என்று சிகுசா அடையாளம் கண்டுகொண்டாள்.

“படகுலேர்ந்து வந்திருக்கா? வாளி எடுக்கட்டுமாம்மா?”

“எடு.”

குளியலறையில் குந்தி கயோகோ துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். சோப்பு மணந்தது. கைகளை உள்ளே மடக்கி, சதுரமாக, அவர் மடிக்கிற மடிப்பு. எல்லாவற்றையும் உதறிப் பிரித்து வாளியில் போட்டு வினிகரை ஊற்றினாள். ஊறியதும் பிழிந்து தண்ணீரைச் சாய்த்தாள்.

கதவு நிலையில் சாய்ந்து நின்ற சிகுசா மூக்கை உறிஞ்சினாள். “அந்தப் பாட்டரி நல்லதும்மா. பாரு, தண்ணி எவ்வளவு சுத்தமா இருக்கு.”

“ம்.”

கயோகோ குழாயைத் திறந்து வாளியை மறுபடி நிரப்பினாள். இரண்டாவது தண்ணீரும் தெளிவாகத்தான் போயிற்று. மூன்றாவது முறைக்கு வாளியைக் குழாயடியில் வைத்தாள்.