எட்டாவது மாடிக்கு மேலே

"மேகத்தைப் பிழிஞ்சு முகம் கழுவிட்டு வந்தேன்மா," என்றார் எட்டுமாடியார், வாசலில் நின்றபடி. "வழியில ஒரு பருந்து. என்னைப் பாத்ததும் ரெக்கையை ஒடுக்கிக்கிட்டு, நீங்க முதல்ல போங்கன்னு ஒதுங்கி நின்னுச்சு. நானூறு மாடி உயரம். ஒரு மாடி கூட்டிச் சொல்லியிருந்தா என் நாக்கு அழுகட்டும்."

இதைச் சொல்லும்போது அவருடைய முழங்கையை ஒரு கான்ஸ்டபிள் பிடித்துக்கொண்டிருந்தார். முழங்கால்வரை சேறு. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

மகள் பருந்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கான்ஸ்டபிளைப் பார்த்து, "எங்க இருந்தாரு?" என்றாள்.

"பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளி, சோளக்காட்டுல. ஊருக்கு எதிர்ப்பக்கமா நடந்துக்கிட்டு இருந்தாரு. கேட்டா, பலூன்ல இருந்து எறங்கினேன், வண்டி அனுப்பறேன்னாங்க, வரலங்கறாரு." கான்ஸ்டபிள் குரலைத் தாழ்த்தினார். "கதவைப் பூட்டி வெக்கறது நல்லதும்மா."

தாழ்த்திய குரல் எட்டுமாடியாருக்கு நன்றாகவே கேட்டது. முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரி லிஃப்டில் வேலை பார்த்தவருக்குத் தாழ்ந்த குரல்தான் தாய்மொழி மாதிரி. டாக்டர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கிசுகிசுத்ததெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அந்த ஆஸ்பத்திரிக்கு எட்டு மாடி. அதனால்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. ஏறிய தூரத்தையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, பாதி தூரம் திரும்பியும் வந்திருக்கலாம் என்பார். இத்தனை தூரமும் அவர் போனது பொத்தான்களைப் பார்த்தபடி, ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பார்க்க ஒன்றுமில்லாததால் பார்த்ததாகச் சொல்லப் பழகினார். மூன்று இதயம் உள்ள ஒரு நோயாளியை ஏற்றியிருக்கிறார். நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு மந்திரி, பயத்தில் அரசாங்க ரகசியம் முழுவதையும் அவரிடம் ஒப்பித்திருக்கிறார். ஒரு தடவை யானைக்குட்டி வந்தது. எடை ஒத்துக்கொள்ளவில்லை, படியில் போகச் சொல்லிவிட்டார்.

மருமகன் இதையெல்லாம் வாய் பிளந்து கேட்பார். "அப்புறம் மாமா?" என்பார். யானைக்குட்டி படியேறியதா என்று ஒரு வாரம் கழித்துக்கூட விசாரித்தார். தெருவும் அப்படித்தான். அவர் சொன்னதை நம்பினால் யாருக்கும் நஷ்டமில்லை என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஒரே சந்தேகப் பேர்வழி மகள். துணி கம்பெனியில் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டையை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பிசகிய தையலைக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். அந்தக் கண்ணை வீட்டுக்கு வரும்போது கழற்றி வைக்க அவளுக்குத் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எட்டுமாடியாரின் மனைவி அதே ஆஸ்பத்திரியின் ஆறாவது மாடியில் படுத்திருந்தாள். ஏற்றிக்கொண்டு போனவர் இவர். இறக்கியவர் பின்பக்க லிஃப்ட்காரர். அந்த லிஃப்டில் யாரை இறக்குவார்கள் என்பது ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாரமே இவர் வேலையை விட்டு நின்றார். அதன்பிறகு நாளுக்கு ஒரு கதை என்பது பத்துக் கதை என்றாகியது. ஒரு நாள் அடுப்பை அணைக்காமல் வெளியே போனார். இரண்டு தடவை வேறு தெருவில் நின்று வேறு வீட்டுக் கதவைத் தட்டினார். பகலில் வீட்டில் யாரும் இல்லை.

மகள் முதியோர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். சுத்தமான இடம். ஒரே தளம், ஒரு படிகூடக் கிடையாது. ஞாபகம் தப்பியவர்களுக்குத் தனிப் பகுதி, வெளியே பூட்டியிருக்கும். ஒரு கட்டில் காலியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். டாக்டர் வெள்ளிக்கிழமை பார்த்து, இவருக்கு நிஜம் எது கற்பனை எது என்று பிரித்தறியத் தெரியவில்லை என்று எழுதிவிட்டால், திங்கட்கிழமை அந்தக் கட்டில் அவருக்கு.

நடுவில் வந்த புதன்கிழமைதான் எட்டுமாடியார் வானத்துக்குப் போனார்.

பலூன் வந்திருந்ததை மகளும் மறுக்கவில்லை. மைதானத்து மதிலில் போஸ்டர் இருந்தது. அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்தாள். "டிக்கெட் இல்லாம ஈ எறும்பைக்கூட ஏத்த மாட்டோம்மா. அதுவும் அந்த வயசுல? சான்ஸே இல்ல," என்றது ஒரு குரல். பலூன் அன்று மத்தியானமே அடுத்த ஊருக்குப் போய்விட்டிருந்தது. அவள் போனை வைத்துவிட்டு அப்பாவின் காலைக் கழுவிவிட்டாள்.

அந்தக் குரல் பலூன்காரனுடையது, அது பொய் சொன்னது. நடந்தது இதுதான்.

நான்கு நாளாக விடிவதற்குள் எட்டுமாடியார் மைதானத்தில் போய் நிற்பார். வருகிறவர்களை ஒரு பார்வை பார்ப்பார். "எழுபத்து மூணு கிலோ," என்பார். பலூன்காரன் எடைமேடையில் ஏற்றினால் எழுபத்து மூன்று. ஆளைப் பார்த்ததும் எடை சொல்வது லிஃப்ட்காரர் புத்தி; அது இல்லாவிட்டால் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே எத்தனை மந்திரி மாட்டியிருப்பார்கள்!

புதன்கிழமை வானம் அழுக்குத் துணி மாதிரி கிடந்தது. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடியும் ஒரு மரக்கடைக்காரரும் வந்திருந்தார்கள். பர்னர் பற்றிக்கொண்டு நெருப்பு சீறியதும் மரக்கடைக்காரர் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

பலூன்காரன் தலையைச் சொறிந்தான். "ஒரு மூலை காலியா இருந்தா கூடை சாயும். பெரியவரே, நீங்க எத்தனை கிலோ?"

"அறுபத்தொண்ணு. செருப்போட அறுபத்தொண்ணேகால்."

"ஏறுங்க. வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, என் வேலை போயிடும்."

"நான் சொன்னா யாரு தம்பி நம்பப்போறா?" என்றார் எட்டுமாடியார். உடனே ஏறினார்.

தரை நழுவியது. அவர் வழக்கப்படி மூலையைப் பார்த்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றார். கை தானாகப் பொத்தானைத் தேடியது. வாய் தானாகக் கூப்பிட்டது. "முதல் மாடி, குழந்தைங்க வார்டு. ரெண்டு, எலும்பு முறிவு. மூணு, கண்ணு..." புதுப்பெண் சிரித்தாள். "அஞ்சு, ஆபரேஷன் தியேட்டர். ஆறு..." என்றவர் ஆறில் என்ன வார்டு என்று சொல்லவில்லை. ஏழையும் சொல்லவில்லை. எட்டு என்று நினைத்த இடத்தில் நிறுத்துவதற்குக் கையை நீட்டினார். நிறுத்த ஒன்றும் இல்லை. கூடை பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது.

அப்போதுதான், முப்பத்து நான்கு வருடத்தில் முதல் தடவையாக, திரும்பிப் பார்த்தார்.

பருந்தும் கிடையாது, பிழியக் கைக்கெட்டும் மேகமும் கிடையாது. ஊர், யாரோ மூட்டை அவிழ்த்துக் கொட்டிவிட்டு அள்ள மறந்த மாதிரி கிடந்தது. ஆஸ்பத்திரி மாடியில் துருப்பிடித்த கட்டில்கள் குவிந்திருந்தன. அதன் ஓரத்தில் ஒரு சின்ன அறை. அவரை இத்தனை காலம் இழுத்த இயந்திரம் அதில்தான் இருக்க வேண்டும். அதை அவர் பார்த்ததே இல்லை. பின்பக்க லிஃப்டுக்கும் அதே மாதிரி ஒரு அறை, அதே அளவில், பக்கத்திலேயே இருந்தது. இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கரித்தது. காற்று என்று புதுமாப்பிள்ளையிடம் சொன்னார்.

"காத்து கீழதான் சரியா இருக்கு. கொஞ்சம் எறங்கிப் போவோம்," என்று பலூன்காரன் பர்னரை அணைத்தான். இருமல் நின்ற வார்டு மாதிரி ஒரு அமைதி. கூடை கூரைகளுக்கு மேலே சத்தமில்லாமல் மிதந்தது. தெரிந்த தெரு, தெரிந்த வேப்பமரம், தெரிந்த மொட்டைமாடி.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள். முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, நடுவே தலையைப் புதைத்துக்கொண்டு. தோள் குலுங்கியது. நின்றது. மறுபடி குலுங்கியது. தாய் செத்த அன்றுகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டை பார்க்கப் போனவள்.

பலூன்காரன் பர்னர் கைப்பிடியைப் பிடித்தான். எட்டுமாடியார் அவன் மணிக்கட்டைப் பற்றினார்.

"வேணாம் தம்பி. சத்தம் போடாத."

"பெரியவரே, எதிர்ல விளம்பரப் பலகை! கையை விடுங்க!"

"அந்தத் தொட்டியத் தாண்டிடட்டும். அவ நிமிந்து பாத்துடக் கூடாது. கெஞ்சிக் கேக்கறேன்."

தொட்டி நகர்ந்தது. அவர் கையை விட்டார். நெருப்பு சீறியது, கூடை பலகையின் விளிம்பை உரசிக்கொண்டு ஏறியது. அவருடைய ஒரு செருப்பு அங்கேதான் விழுந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் அறையில் எட்டுமாடியார் ஜோராக இருந்தார். தேதி சொன்னார், கிழமை சொன்னார், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தார், டாக்டரின் எடையையும் சொன்னார். "எண்பத்தாறு. ஆனா உங்க எடை மெஷின் எண்பதுன்னு காட்டும், நம்பாதீங்க." டாக்டர் சிரித்துவிட்டார்.

பலூனைப் பற்றிக் கேட்டதும் மேகமும் பருந்தும் நானூறு மாடியும் வந்தன. டாக்டரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. எழுத ஆரம்பித்தார். அந்தப் பேனாவின் சத்தம் எட்டுமாடியாருக்குத் தெரிந்த சத்தம்தான்.

"கடைசியா ஒண்ணு. மேல இருந்து உங்க வீடு தெரிஞ்சுதா?"

எட்டுமாடியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு கேள்விக்குக் கதையே வராமல் அவர் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. சொன்னால், ஒருத்தருக்கும் தெரியாமல் அவள் அழுததை ஒரு அந்நியர் மேஜையில் கொட்டிப் பரப்ப வேண்டும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை அந்தக் கட்டில்தான்.

"சொல்லுங்கப்பா," என்றாள் மகள். குரலில் களைப்புத்தான் இருந்தது. "பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தேன்."

"என்ன தெரிஞ்சுது?" என்றார் டாக்டர்.

"இவதான் இருந்தா. மொட்டைமாடியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி. யோகா பண்ணிட்டு இருந்தா."

"யோகாவா?"

"ஆமா டாக்டர். முழங்காலை ரெண்டு கையால கட்டிக்கிட்டு, தலையை நடுவுல வெச்சு. கஷ்டமான ஆசனம். நாங்க தாண்டிப் போற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல." அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். "இந்த ஊர்ல வேற யாராலயும் அப்படி மூச்சை அடக்க முடியாது. சத்தமே வரல."

டாக்டர் மகளை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க யோகா பண்ணுவீங்களாம்மா?"

அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், விளக்கு வெளிச்சத்தில் சட்டையை விரித்துப் பார்ப்பதைப் போல. அவர் திரும்பவில்லை.

"எனக்கு யோகா தெரியாது டாக்டர்."

பேனா காகிதத்தைத் தொட்டது.

"எழுதாதீங்க," என்றாள். காகிதத்தின்மேல் கையை வைத்தாள். "புதன்கிழமை காலையில நான் அங்கதான் இருந்தேன். அந்த இடம் தெருவுல இருந்து தெரியாது, பக்கத்து வீட்டுல இருந்தும் தெரியாது. நான் அங்க இருந்தது என் வீட்டுக்காரருக்கே தெரியாது. மேல இருந்து பாத்தா மட்டுந்தான் தெரியும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அப்பா பறந்தது நிஜந்தான்."