நெற்றியில் வந்த ரசீது

ஒரு வியாழக்கிழமை காலை, பல் துலக்கும் நேரத்தில், பிரிக்பீல்ட்ஸ் முதல் கேரி தீவு வரை முந்நூற்றுப் பதினொரு பேரின் நெற்றியில் தொகை எழுந்தது. சிலருக்கு ஐம்பது ரிங்கிட், சிலருக்கு எண்பதாயிரம். கீழே பொடி எழுத்தில் தேதி. வெள்ளை நிறம், விபூதி வாசம். எலுமிச்சைச் சாறு, மண்ணெண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்பு எதற்கும் அது அசையவில்லை. எல்லாரும் பரமேஸ்வர சாமியின் பக்தர்கள். சாமியாவதற்கு முன் டெங்கிலில் லோரிகளுக்கு இன்சூரன்ஸ் விற்றவர் அவர். ஒரு துண்டுக் காகிதம் ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று நன்றாகத் தெரிந்தவர். காணிக்கையை ரொக்கமாகத்தான் வாங்குவார். யாராவது ரசீது கேட்டால் கட்டைவிரலால் விபூதியை அழுத்திப் பூசி, "இதாம்மா ரசீது, ஆண்டவன் கணக்குல ஏறிருச்சு" என்பார். பன்னிரண்டு வருடம் இப்படியே ஓட்டினார். வருடா வருடம் தன் வருமானம் சைபர் என்று வரி இலாகாவுக்கு எழுதி அனுப்பினார். சுபாங் ஜெயாவில் வாங்கிய மூன்று வீடுகளும் அந்தச் சைபருக்குள்தான் இருந்தன.

கேரி தீவின் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த புனிதாவின் நெற்றியில் பதினெட்டாயிரத்து நானூறு இருந்தது. அது அவள் கணவன் ஜீவனின் சேமநிதிப் பணம். சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், வாரம் மூன்று முறை கிள்ளானுக்கு டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தவன். ஆண்டவன் இருக்கும் உடம்பில் மெஷினுக்கு வேலை இல்லை என்று சொல்லி, பூஜைக்கு மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார் சாமி. மெஷினை நிறுத்தினார்கள். ஒன்பதாம் நாள் ஜீவன் செத்தான். சவப்பெட்டிக்காவது ஆயிரம் ரிங்கிட் கொடுங்கள் என்று போய் நின்றவளிடம், "நீ கொடுத்ததுக்கு என்னம்மா ஆதாரம்?" என்று கேட்டார். ஜீவன் தானாக நிறுத்திக்கொண்டதற்குச் சாமியைப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று வழக்கறிஞர் ஒருவரும் சொல்லிவிட்டார். புனிதா எதையும் மறக்கவில்லை. ஏன் மறக்க வேண்டும்?

தொகை எழுந்த வாரத்தில் முதலாளிகள் தொப்பி போட்டார்கள், பெண்கள் நெற்றி மறைய முன்முடி வெட்டிவிட்டுக்கொண்டார்கள். புனிதா மட்டும் முடியை இழுத்துக் கட்டி, பஸ் ஏறி, வரி இலாகாவில் போய் உட்கார்ந்தாள். அதிகாரி நூர்ஜஹான் எழுந்து வந்து உற்றுப் பார்த்தார். "அக்கா, கொஞ்சம் லைட் பக்கம் திரும்புங்க லா" என்று படம் எடுத்து, அதற்கு ஒரு கோப்பு எண் போட்டார். அடுத்த நான்கு மாதம் புனிதா வீடு வீடாக ஏறி மற்றவர்களின் தொப்பியைக் கழற்ற வைத்தாள். கழற்ற மறுத்த ஒருவரின் தொப்பியை அவளே பிடுங்கினாள். கூட்டினால் நான்கு மில்லியனைத் தாண்டியது. கோர்ட்டில் நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வரிசையாக வந்த நெற்றிகளை வாசித்தார். சாமிக்கு மூன்று வருடம் சிறை, ஏய்த்த வரிக்கு மூன்று மடங்கு அபராதம். வீடுகள் ஏலத்தில் போயின. எனக்கு இதில் துளி வருத்தமும் இல்லை. தீர்ப்பு முடிந்ததும் எல்லா நெற்றிகளும் சுத்தமாயின. புனிதாவின் பதினெட்டாயிரத்து நானூறு மட்டும் சாமியின் நெற்றிக்குப் போய் உட்கார்ந்தது.

நன்னடத்தைக்காக இரண்டே வருடத்தில் வெளியே வந்தவர், எங்கெங்கோ கடன் வாங்கிக்கொண்டு நேராகக் கேரி தீவுக்குப் போனார். புனிதாவின் வீட்டுத் தகரக் கூரை அப்போது மூன்று இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"எண்ணிப் பாரும்மா, முழுசா இருக்கு. இத நீ வாங்கிக்கிட்டாத்தான் என் நெத்தி விடும். வெளிய தலை காட்ட முடியல."

புனிதா பணத்தைப் பார்க்கவில்லை. அவர் நெற்றியைத்தான் நிதானமாகப் பார்த்தாள்.

"வேணாம் சாமி. அன்னிக்கு ஆதாரம் கேட்டீங்கல்ல? ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

கதவைச் சாத்திவிட்டு, ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைக்கப் போனாள்.

இப்போது அவர் கிள்ளானில் கார் கழுவும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறார். போன மாதம் அடையாள அட்டையை மாற்றப் போனபோது, படம் பிடிக்கும் பெண் அவர் தொப்பியைக் கழற்றச் சொன்னாள். கேமராவில் ஒருமுறை பார்த்துவிட்டு, "அங்கிள், கடைசி சைபர முடி மறைக்குது, கொஞ்சம் ஒதுக்குங்க லா" என்றாள். அவரும் ஒதுக்கிவிட்டார்.