கண்ணாடிக்கு விருப்பமில்லை

வேலுசாமிக்கு மகள் படிப்பின் மேல் அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. என்ன, அந்த அக்கறை கடை வழியாகத்தான் வரும். டிவியில் எந்தப் பிள்ளை எதைக் குடித்துவிட்டு முதல் மார்க் வாங்குகிறதோ, அந்த டப்பா மறுவாரமே வெள்ளக்கடை என்கிற அந்த மலைக்கிராமத்தில் அவர்கள் வீட்டு அலமாரியில் ஏறிவிடும். பள்ளிக்கூடத்துப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க மாட்டான். பிள்ளையை வாத்தியார் கையில் ஒப்படைத்தாயிற்று, அப்புறம் நமக்கென்ன வேலை என்பது அவன் கட்சி. டீச்சர் வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவதோடு சரி.

கரும்பலகை தெரியாமல் சௌமியா மூன்று மாதமாகப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறாள். "ஏனுங்க, புள்ளைய கண் டாக்டர்கிட்ட காட்டலாமுங்க" என்று சொல்லிச் சொல்லி அவன் மனைவி புவனாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"இந்தப் பவுடரக் குடிக்கட்டும் புள்ள. கண்ணுக்கும் நொம்ப நல்லதுன்னு போட்டிருக்கறான்" என்று அவன் இன்னொரு டப்பாவை நீட்டினான். வந்த ஆத்திரத்துக்கு அதை அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பாள்.

பெற்றோர் கூட்டம் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. காப்பிப் பழம் பறிக்கிற தை மாதத்தில், அதுவும் வேலை நாளில், எஸ்டேட்டுக்காரி எவள் வருவாள் என்று நேரம் குறித்தவர்கள் யோசித்தார்களா? வராவிட்டால் மட்டும் அக்கறையில்லாத ஜனம் என்று பேர் வைத்துவிடுவார்கள். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் லீவு கேட்டுக் கெஞ்சி, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கறை போகாத கையோடு புவனா பஸ் ஏறினாள்.

கண் விஷயத்தை அவள் தொடங்கியதுமே அமலி டீச்சர் ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார்.

"போன மாசம் ஸ்கூல்லயே கண் டெஸ்ட் பண்ணி, கண்ணாடியும் இலவசமா குடுத்தாங்க. நீங்கதான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டீங்களே? இனிமே அடுத்த வருசந்தாங்க."

தாளில் 'விருப்பமில்லை' என்று இருந்தது. கீழே வேலுசாமியின் கையெழுத்து.

புவனாவுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. வராண்டாவில் நின்ற மகளைக் கையைப் பிடித்து கேட் வரைக்கும் இழுத்து வந்தாள்.

"உங்கப்பன் ஊட்டுக்கு வரட்டும், இன்னைக்கு இருக்குது. சும்மா குடுக்கற கண்ணாடிய வேண்டாம்னு எழுத அந்தாளுக்கு என்ன கேடு?"

சௌமியா நின்றுவிட்டாள். "அப்பா எழுதலம்மா. அப்பா கையெழுத்த நாந்தான் போட்டேன்."

"ஏன்டி?"

"கண்ணாடி போட்டதாலதான் மரியசெல்வி அக்காவுக்கு மாப்பிள்ளையே அமையலைன்னு நீதான சொன்ன."

குழாயடியில் நாலு பேர் சிரிக்கட்டும் என்று சொன்னது. எஸ்டேட் குடியிருப்பில் அடுத்த லயனில் இருக்கிற அந்தப் பெண் அப்போது குடத்தோடு வரிசையில்தான் நின்றாள். மூன்று மாதமாகப் புருஷனைக் கரித்துக்கொட்டிய புவனா மகளின் கையை விட்டாள். அவமானமாக இருந்தது. அதைவிட, திட்டுவதற்கு இனி ஆளில்லையே என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அது தப்பு சாமி. அம்மா வாய் இருக்கமாட்டாம சொல்லிப்போட்டேன். ஞாயித்துக்கெழம சேலம் போயி கண்ணாடி போட்டுக்கலாம், வா."

"அப்ப அந்த அக்காகிட்டயும் தப்புன்னு சொல்லுவியாம்மா?"

புவனா பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.